உள்ளங்கையில் ஒரு டாங்கி!

பச்சை நிற டாங்கி ஒன்று நிற்கிறது. அதன் சக்கரங்களில் சேறு அப்பி இருக்கிறது. பின்பக்கத்தில் புகைக் கரி படிந்து இருக்கிறது. இப்போதுதான் போர்க்களத்தில் இருந்து வந்தது போல் தோன்றுகிறது.

கிட்டே போய்ப் பாருங்கள். அந்த டாங்கியை இரண்டு விரலால் தூக்கி, உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம்! அதன் நீளம் 6½ சென்டிமீட்டர். அகலம் 3 சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அவ்வளவுதான்.

அது பொம்மை டாங்கி. ஆனால், குழந்தைகள் தரையில் உருட்டி விளையாடும் பொம்மை அல்ல. வயது வந்தவர்கள் மேஜை விளக்கின் அடியில் உட்கார்ந்து, தாங்களே ஒட்டி, தாங்களே வண்ணம் பூசிய பொம்மை.

வண்ணம் பூசுவது சரி. புதுப் பொம்மைக்கு யாராவது வேண்டும் என்றே அழுக்குப் பூசுவார்களா?

பூசுகிறார்கள்! அதற்காக மணிக்கணக்கில் உழைக்கிறார்கள். நம் வீட்டுக் கொலுப் பொம்மை என்றால், பளபள என்று இருக்க வேண்டும். இந்த டாங்கிக்குப் பளபளப்பு ஆகாது.

ஏன் அப்படி?

மேஜை மேல் யுத்தம்

இங்கிலாந்து, அமெரிக்கா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் "மேஜைப் போர்" என்று ஒரு விளையாட்டு நடக்கிறது. 6 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள மேஜைதான் போர்க்களம். அதன் மேல் அட்டையால் செய்த வீடுகள், குன்றுகள், மரங்கள் இருக்கும். இரு பக்கமும் இரண்டு பேர் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் படை உண்டு. அதில் சிப்பாய்கள், பீரங்கிகள், டாங்கிகள் எல்லாம் இருக்கும்.

ஒரு டாங்கி எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நாடாவால் அளக்கிறார்கள். குண்டு பட்டதா, தவறியதா என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்கிறார்கள். நம் ஊர்த் தாயத்தில் காய் நகர்த்துவது போலத்தான். ஆனால் சட்டதிட்டம் மட்டும் ஒரு புத்தகம் அளவுக்கு இருக்கும்!

இந்த விளையாட்டு பட்டாளத்தில் பிறந்தது. 1824-ம் ஆண்டில் பிரஷியா நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி இதற்கு விதிகள் எழுதினார். தேசப்படத்தின் மேல் சிறு கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டி, அதிகாரிகள் போர் பழகினார்கள்.

பட்டாளத்து விளையாட்டைப் பொதுமக்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், எச்.ஜி.வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர். 1913-ம் ஆண்டில் "லிட்டில் வார்ஸ்" என்ற புத்தகத்தை வெளியிட்டார். "சின்னஞ்சிறு யுத்தங்கள்" என்று பொருள். ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, மரக்குச்சிகளைச் சுடும் பொம்மைப் பீரங்கியால் அவர்களை வீழ்த்துவதுதான் அவருடைய விளையாட்டு.

கற்பனையில் பிறந்த டாங்கி

வெல்ஸ் பற்றி இன்னொரு வியப்பான செய்தி உண்டு.

1903-ம் ஆண்டில் அவர் ஒரு கதை எழுதினார். தரையில் ஊர்ந்து செல்லும் இரும்புக் கோட்டைகள் எதிரியின் பள்ளங்களைத் தாண்டிப் போய், படையை முறியடிப்பதாகக் கதை. அப்போது உலகில் டாங்கியே கிடையாது!

13 ஆண்டுகள் கழிந்தன. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டு இருந்தது. 1916 செப்டம்பர் 15-ந் தேதி, பிரான்சு நாட்டில் சோம் போர்முனையில், பிளர்ஸ் என்ற கிராமத்துக்கு அருகே இங்கிலாந்துப் படை முதல் டாங்கிகளை இறக்கியது. கதை நிஜமாகிவிட்டது!

"டாங்க்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தொட்டி என்று பொருள். இப்படி ஓர் ஆயுதம் தயாராவது எதிரிக்குத் தெரியக் கூடாது அல்லவா? எனவே, "இது தண்ணீர்த் தொட்டி" என்று சொல்லி வைத்தார்கள். அந்தப் பொய்ப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று சென்னைக்கு அருகே ஆவடியில் தயாராவதையும் டாங்கி என்றுதான் சொல்கிறோம்.

ஒன்றுக்கு நூறு

சின்ன டாங்கிகளைப் பல அளவுகளில் செய்கிறார்கள். அவற்றில் ஒன்று, "ஒன்றுக்கு நூறு" என்ற அளவு. உண்மை டாங்கியின் 100 சென்டிமீட்டர், பொம்மையில் 1 சென்டிமீட்டர் ஆகிவிடும்.

ரஷியாவின் "டி-34" டாங்கியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஹிட்லரின் படையை எதிர்த்து நின்றது அது. எடை ஏறக்குறைய 30 டன். அகலம் 3 மீட்டர். 1943-ம் ஆண்டில் அதற்குள் 4 பேர் உட்கார்ந்து போர் செய்தார்கள். நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால், அகலம் 3 சென்டிமீட்டர்.

இந்தக் கணக்கை நன்றாக நினைவில் வையுங்கள். டாங்கிக்கு வண்ணம் பூசும் கலையே இதில்தான் இருக்கிறது. பொம்மையில் 1 மில்லிமீட்டர் என்பது உண்மை டாங்கியில் 10 சென்டிமீட்டர். பெயிண்டு உரிந்தது போல் நீங்கள் 1 மில்லிமீட்டர் புள்ளி வைத்தால், நிஜத்தில் அது ஒரு கையகலம்! சேற்றுக்காக ஒரு மணல் துணுக்கை ஒட்டினால், நிஜத்தில் அது ஒரு பாறாங்கல்!

வண்ணம் பூசுவது எப்படி?

டாங்கி, தனித்தனிப் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். முதலில் அவற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சில் இருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்டு பிடிக்காது. பிசிறுகளைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, பிறகு ஒட்ட வேண்டும்.

அடுத்து பிரைமர். வீட்டுக் கதவுக்குப் பெயிண்டு அடிக்கும் முன் பிரைமர் அடிப்பார்களே, அதேதான். மெல்லியதாக ஒரு பூச்சு போதும்.

அது காய்ந்ததும் டாங்கியின் நிறத்தைப் பூச வேண்டும். எந்த நிறம்? இங்கேதான் சரித்திரம் படிக்க வேண்டியிருக்கிறது. ரஷிய டாங்கி என்றால் பச்சை. அமெரிக்க டாங்கி என்றால் பழுப்புக் கலந்த பச்சை. ஜெர்மன் டாங்கி என்றால், "எந்த ஆண்டு?" என்று கேட்க வேண்டும். யுத்தத்தின் தொடக்கத்தில் அவை கரும் சாம்பல் நிறத்தில் இருந்தன. 1943 பிப்ரவரியில் உத்தரவு மாறியது. அடிநிறம் கரும் மஞ்சள் ஆனது. அதன் மேல் பச்சையும் செம்பழுப்பும் திட்டுத் திட்டாகத் தெளித்தார்கள். பனிக்காலத்தில் இரு தரப்பாரும் வெள்ளையடித்துக்கொண்டார்கள். பனியோடு பனியாக மறைந்து நிற்பதற்குத்தான்!

சரியான பச்சை நிறமே கிடைத்தாலும், அதில் கொஞ்சம் வெளிர் நிறம் கலப்பவர்கள் உண்டு. தூரத்து மலை வெளிறித் தெரிகிறது அல்லவா? சின்ன டாங்கியைப் பார்ப்பதும், பெரிய டாங்கியைத் தூரத்தில் இருந்து பார்ப்பதும் ஒன்றுதான். அதனால் சற்று வெளிறி இருந்தால்தான் கண்ணுக்கு நிஜமாகத் தோன்றும்.

எண், நட்சத்திரம், பெயர் முதலியவை மெல்லிய படங்களாக வரும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்ட வேண்டும்.

இப்போது டாங்கி புத்தம் புதியதாக இருக்கிறது. பளிச்சென்று இருக்கிறது. பொம்மை போல் இருக்கிறது!

இனிமேல்தான் அழுக்கு.

ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம்

இந்த அழுக்கு ஏற்றும் கலைக்கு "வெதரிங்" என்று பெயர். வெயிலும் மழையும் பட்டுப் பழசானது போல் செய்வது. ஸ்பெயின் நாட்டுக் கம்பெனிகள் சேறு, தூசி, துரு எல்லாவற்றையும் புட்டியில் அடைத்து உலகம் எங்கும் விற்கின்றன! காசு கொடுத்துச் சேறு வாங்குகிறார்கள் என்றால் பாருங்கள்!

இதற்கு ஒரே ஒரு விதிதான். காரணம் இல்லாமல் ஒரு கறையும் வைக்கக் கூடாது.

முதல் வேலை, கருநிழல். கரும்பழுப்புப் பெயிண்டில் நிறையத் தண்ணீர் விட்டு, நீர்க்கக் கரைத்து டாங்கியின் மேல் பூசுகிறார்கள். அது மேட்டில் நிற்காமல், ஆணித் தலையைச் சுற்றியும் இடுக்குகளிலும் போய்த் தங்கிவிடும். உண்மை டாங்கியிலும் எண்ணெயும் அழுக்கும் அங்கேதான் தங்கும்.

இரண்டாவது, மேட்டு வெளிச்சம். பிரஷில் வெளிர் பச்சையைத் தொட்டு, காகிதத்தில் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். பெயிண்டு இருக்கிறதா இல்லையா என்றே தெரியக் கூடாது. அந்த உலர்ந்த பிரஷால் லேசாகத் தடவினால், விளிம்புகள் மட்டும் நிறம் பிடிக்கும். இடுக்கில் இருட்டு, விளிம்பில் வெளிச்சம். சின்ன டாங்கி திடீர் என்று உருண்டு திரண்டு தெரியும்!

மூன்றாவது, தேய்மானம். பஞ்சு போன்ற ஸ்பாஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி, கரும்பழுப்பில் தோய்த்து, காகிதத்தில் ஒற்றி, பிறகு டாங்கியில் மெல்லத் தொட வேண்டும். எங்கே? சிப்பாயின் பூட்ஸ் படும் இடத்தில். மூடியைத் திறந்து மூடும் ஓரத்தில். மரக்கிளை உரசும் மூலையில். யாருடைய காலும் கையும் படாத சுவரில் பெயிண்டு உரியாது.

நான்காவது, மழைக் கோடு. மழை பெய்தால் தூசி கரைந்து பக்கச் சுவரில் வழியும். ஆயில் பெயிண்டில் ஒரு சிறு புள்ளி வைத்து, ஈரப் பிரஷால் மேலிருந்து கீழே இழுத்தால், அந்த வழிந்த கோடு வந்துவிடும். கோடு எப்போதும் கீழ்நோக்கியே வர வேண்டும். தண்ணீர் மேலே ஏறாது அல்லவா?

ஐந்தாவது, புகை. டி-34 டாங்கிக்குப் பின்பக்கம் இரண்டு புகைக் குழாய்கள் உண்டு. கரி அங்கேதான் படியும். பக்கவாட்டில் எண்ணெய்ப் பீப்பாய்கள் உண்டு. எண்ணெய் சிந்திய கறை அங்கேதான் இருக்கும்.

ஆறாவது, சங்கிலி. சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையைத்தான் சொல்கிறோம். தரையில் உரசும் பாகம் வெள்ளி போல் மின்னும். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பென்சில் முனையால் தேய்த்தால் போதும், இரும்பின் மினுமினுப்பு வந்துவிடும்! உரசாத இடுக்குகளில் மண்ணும் இளந்துருவும் இருக்கும்.

கடைசியாகத் தூசியும் சேறும். கலர் சாக்குக் கட்டியைப் பொடி செய்து, பிரஷால் கீழ்ப்பாகத்தில் தூவுகிறார்கள். சேற்றுக்கு, பிளாஸ்டரைப் பழுப்புப் பெயிண்டிலும் பசையிலும் குழைத்து அப்புகிறார்கள். சேறு கீழே அதிகம், மேலே குறைவு. ரஷிய வயல் என்றால் கருமண். ஆப்பிரிக்கப் பாலைவனம் என்றால் சேறு வேண்டாம். வெளிர் மஞ்சள் தூசி போதும்.

இந்த வரிசையையும் கவனியுங்கள். முதலில் பெயிண்டு, பிறகு பெயர், பிறகு தேய்மானம், கடைசியில் தூசி. உண்மை டாங்கியின் வாழ்க்கையும் இதே வரிசைதான்.

எல்லாம் முடிந்ததும், பளபளப்பு இல்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. விளையாடும்போது பலர் கை படும். வார்னிஷ் இல்லாவிட்டால், பட்ட பாடு எல்லாம் வீணாகிவிடும்.

உஷார்!

இந்த வேலையில் சில எச்சரிக்கைகள் உண்டு. ஸ்பிரே டப்பாவைக் காற்றோட்டமான இடத்தில்தான் அடிக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி அணிய வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போதும், சாக்குப் பொடி தூவும்போதும் அப்படியே.

பிரஷின் முனையைக் கூர்மையாக்க வாயில் வைப்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. பழைய காலத்துச் சின்னச் சிப்பாய்கள் ஈயம் கலந்து செய்யப்பட்டவை. ஈயம் உடலுக்கு விஷம். அவற்றைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சின்னக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

துரு சொல்லும் பொய்

புதிதாகக் கற்றவர்களுக்குத் துரு மேல் ஆசை அதிகம். டாங்கி முழுவதும் செந்நிறத் துரு பூசிவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பொய்.

இரும்பு ஆழமாகத் துருப்பிடிக்க நாள் ஆகும். கனத்த துரு வேண்டும் என்றால், டாங்கி பல காலம் கேட்பார் அற்று மழையில் கிடக்க வேண்டும். போர்க்களத்தில் பல டாங்கிகள் அவ்வளவு நாள் வாழவில்லை. துருப்பிடிக்கும் முன்பே எரிந்து போயின. உள்ளே இருந்தவர்களும் போனார்கள்.

ஆகவே, பிரஷைக் கையில் எடுப்பவன் தன்னையே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இந்த டாங்கி எத்தனை நாள் உயிரோடு இருந்தது?"

பிரஷ் அங்கே ஒரு கணம் நின்றுவிடும். ஓர் உண்மைக் கதையைப் பாருங்கள்.

டாங்கி வாங்கிய விதவை

மரியா ஒக்தியாப்ர்ஸ்கயா என்று ஒரு சோவியத் பெண்மணி. அவருடைய கணவர் ராணுவ அதிகாரி. 1941-ம் ஆண்டில் ஜெர்மானியரோடு நடந்த போரில் கணவர் மாண்டார். சைபீரியாவில் தோம்ஸ்க் நகரில் இருந்த மரியாவுக்குச் செய்தி எட்டியது.

மரியா தன் உடைமைகளை விற்றார். 50 ஆயிரம் ரூபிள் சேர்த்தார். அந்தப் பணத்தை சர்க்காருக்குக் கொடுத்து, ஸ்டாலினுக்கு எழுதினார். "இந்தப் பணத்தில் ஒரு டாங்கி செய்யுங்கள். அதற்கு 'போர்த் தோழி' என்று பெயர் வையுங்கள். அதை ஓட்ட என்னையே அனுப்புங்கள்" என்பது அவருடைய வேண்டுகோள்.

ஸ்டாலின் சம்மதித்தார். மரியா 5 மாதம் பயிற்சி பெற்றார். 1943 அக்டோபரில் டி-34 டாங்கியை ஓட்டிக்கொண்டு போர்முனைக்கு வந்தார். டாங்கியின் மேல் கோபுரத்தில் "போர்த் தோழி" என்று ரஷிய மொழியில் எழுதி இருந்தது.

"பெண் பிள்ளைக்கு டாங்கி எதற்கு?" என்று நினைத்தவர்கள் முதல் சண்டையிலேயே வாய் அடைத்துப் போனார்கள். டாங்கி பழுதானால், குண்டு மழைக்கு நடுவே இறங்கி, தன் கையால் பழுது பார்ப்பார் மரியா.

1944 ஜனவரியில், விதெப்ஸ்க் பகுதியில் ஒரு சண்டை. டாங்கியின் சங்கிலி அறுந்தது. மரியா இறங்கினார். சங்கிலியைச் சரி செய்தார். அப்போது குண்டுச் சிதறல் அவர் தலையில் பாய்ந்தது. நினைவு இழந்தார். மார்ச் 15-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 38. அந்த ஆண்டு ஆகஸ்டில், "சோவியத் வீரர்" என்ற மிக உயர்ந்த விருது அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது.

இந்த டாங்கிக்கு எப்படி அழுக்குப் பூசுவது?

இப்போது மரியாவின் டாங்கியை நூறில் ஒரு பங்கு அளவில் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் போர் செய்தது அக்டோபர் முதல் ஜனவரி வரை. மூன்று மாதம். ஆகவே கனத்த துரு வேண்டாம். மழைக்கால, பனிக்காலச் சேறு வேண்டும். சக்கரத்திலும் சங்கிலியிலும் தாராளமாக அப்பலாம்.

டி-34 டாங்கியில் ஓட்டுநர் ஏறி இறங்கும் மூடி, முன்பக்கத்துச் சாய்ந்த தகட்டில் இருக்கிறது. பழுது பார்க்க அடிக்கடி இறங்கியவர் மரியா. ஆகவே அந்த மூடியின் ஓரத்தில் பெயிண்டு தேய்ந்திருக்க வேண்டும். ஸ்பாஞ்சால் இரண்டே தொடுதல். அது மரியாவின் பூட்ஸ் பட்ட இடம்!

கோபுரத்தில் பெயர். ஒவ்வோர் எழுத்தும் 2 மில்லிமீட்டர். அதன் மேல் சேறு வேண்டாம். மெல்லிய தூசி போதும். பெயர் படிக்கத் தெரிய வேண்டும்.

பார்த்தீர்களா? இங்கே அழுக்கு என்பது அலங்காரம் அல்ல; ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாறு.

போர் வெறியா?

"யுத்தத்தை விளையாட்டாக ஆடலாமா? மனிதர்கள் செத்த கதை அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

வெல்ஸ் இதற்குத் தன் புத்தகத்திலேயே பதில் சொல்லி இருக்கிறார். பொம்மைப் போரில் பிணம் விழாது, ஊர் எரியாது. இதை நாலு முறை ஆடிப் பார்த்தவனுக்கு, நிஜப் போர் எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது விளங்கிவிடும் என்பது அவர் கருத்து. புத்தகம் வந்தது 1913-ல். அடுத்த ஆண்டே உலக யுத்தம் மூண்டது! வெல்ஸ் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

பொம்மையைப் பளபள என்று வைத்தால், யுத்தமும் பளபளப்பாகத் தெரியும். வெற்றி மட்டும் கண்ணில் படும். சேறும் கரியும் பூசும்போதுதான், "இதற்குள் 4 பேர் இருந்தார்களே!" என்ற நினைப்பு வருகிறது.

மேஜையில் பகடை உருளும். சில வேளை மரியாவின் டாங்கி ஜெயிக்கும். சில வேளை தோற்கும். தோற்றால் அதை எடுத்து மேஜை ஓரத்தில் வைப்பார்கள். அப்போது எதிரே நிற்பவன், "கோபுரத்தில் என்ன எழுதி இருக்கிறது?" என்று கேட்பான். அவனுக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

கேட்டு முடித்தவன், அடுத்த தடவை அந்த டாங்கியை மெதுவாகத்தான் தொடுவான்.